பப்பாளி கொடுக்காதே

யோகேஸ்வரி அக்கா,
எண்ணெய்ச் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
முன்பக்கம் நேற்றைய அமிலக் கணக்கு, கிழித்துவிடாதீர்கள்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி.
பத்து நாளைக்கு முன்னமே போட்டுக்கொள்ளுங்கள்.
சின்ன மஞ்சள் புத்தகம் ஒன்று தருவார்கள்.
என்னிடம் கொலம்பியாக்காரன் கேட்கவில்லை,
திரும்பி வந்தபோது நம்ம ஊர்க்காரன்தான் கேட்டான்.

பொகோத்தாவில் இறங்கியதும் வேகமாக நடக்க வேண்டாம்.
அது மேகத்துக்குப் பக்கத்து ஊர்.
லாபிஸ் ஸ்டேஷன் பாலத்தைக்
குடையும் தாப்பாவ் பொட்டலமுமாக ஓடி ஏறுகிற உங்களுக்கே
மூன்றாம் படியில் மூச்சு காணாமல் போகும்.
பயப்படாதீர்கள்,
பின்னால் வந்துகொண்டிருக்கும்.

நூறு வெள்ளியை மாற்றினால்
கிட்டத்தட்ட ஒரு லட்சம் கையில் வரும்.
முதல் ராத்திரி படுக்கையில் விரித்துவைத்து எண்ணினேன்.
மறுநாள் சட்டை துவைக்கப் போட்டதில் கால்வாசி போனது.

"நோ தார் பப்பாயா" என்பார்கள் அங்கே.
பப்பாளி கொடுக்காதே.
அதாவது, திருடனுக்கு நறுக்கித் தட்டில் வைக்காதே.
தெருவில் நின்று கைப்பேசியை எடுத்தால் பப்பாளி.
கழுத்துச் சங்கிலி பப்பாளி.
உங்கள் ஆறு வளையல், அக்கா, ஒரு தோப்பு.
கழற்றித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.
அடகுக்கடை வேண்டாம்,
அது உள்ளூர்ப் பப்பாளி.

காரம் கிடைக்காது. கேட்டால்
ஏதோ பச்சையாக ஒன்று தருவார்கள், சிரிக்காமல் சாப்பிடுங்கள்.
சம்பால் போத்தலை மூன்று பையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.
நான் கைப்பையில் வைத்துக்
கோலாலம்பூரிலேயே பறிகொடுத்தேன்.

"அவோரீத்தா" என்றால் இப்போதே.
அரைமணி கழித்து என்றும் அர்த்தம்.
பாய்லர் வால்வு விஷயத்தில்
பதினேழு நாள்.

மில்லுக்குக் காரில் ஏழு மணி நேரம், தூங்கிவிடுங்கள்.
விழிக்கும்போது சன்னலில் செம்பனை வரிசை வரிசையாக ஓடும்,
சிகாமட் ரோடு என்றே நினைப்பீர்கள்.
நான் நினைத்தேன்.
இறங்கி, குலை சுமந்து வந்த ஒருவரிடம்
"அண்ணே, லோரி எங்கே நிக்குது?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.
அந்தத் தோள் அப்படி.
இடப்பக்கம் இறங்கிப்போன தோள்,
நம்ம வெட்டுக்காரர் மருதப்பனுக்கு இருப்பதுபோல.
லோரிக்கு அவர்கள் மொழியில் வேறு பெயர்.
அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
பிறகு லோரி நின்ற பக்கம் கையைக் காட்டினார்.

இதில் உங்களுக்குப் பயன்படுகிற குறிப்பு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பேசுவது: பதின்மூன்று மணி நேர வித்தியாசம்.
அங்கே சாயங்காலம் ஐந்துக்குக் கூப்பிட்டால்
இங்கே விடிகாலை ஆறு, அதுவும் மறுநாள்.
கீர்த்திவாசன் பள்ளி பஸ் ஏறுவதற்கு முன்
பல்துலக்கும் சத்தமாவது கேட்கும்.

கடைசியாக ஒன்று.
மில் வாசலில் ருபியேலா என்று ஓர் அம்மா
நீலப் பிளாஸ்கில் கறுப்புக் கோப்பி விற்பார். தின்தோ.
நம்ம கோப்பி ஓவுக்கு ஒன்றுவிட்ட தங்கை.
நான் கிளம்பின அன்று மட்டும்
கார் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது.
கையில் ஐம்பதாயிரம் நோட்டு, அவரிடம் சில்லறை இல்லை.
"மன்யானா" என்றேன். நாளைக்கு.
அவருக்குத் தெரியும். கையசைத்தார்.

எனக்கு அந்த நாளை
பதின்மூன்று மணி நேரம் முந்தியே வந்துவிட்டது.
அவருக்கு இன்னும் வரவில்லை.

விமான நிலையத்தில் தண்ணீர் வாங்கி மிஞ்சிய இரண்டாயிரம் பேசோவை
இந்தத் தாளோடு குத்தி வைத்திருக்கிறேன்.
வேண்டாம் என்பார்.
கையில் வைத்துவிட்டு
நிற்காமல் உள்ளே போய்விடுங்கள், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று.

குமரேந்திரன்,
பாய்லர் பிரிவு.