கதவுக்கு இந்தப் பக்கம்

செவ்வாய் இரவு, தன் வீட்டுக் கூடத்தில் வைத்து
"இனிக் கழற்றிவிடலாம்" என்றார் சபைத் தலைவர்.
கறுப்புப் பட்டை. வெள்ளை எழுத்தில் என் குடும்பப் பெயர்,
அதன்கீழ் ஆண்டவர் பெயர்.
பதினெட்டு மாதம் இருவரும் ஒரே சட்டையில் இருந்தோம்.
துணிக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒன்று.
இழுத்ததும் டக்கென்று ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.
அவர் மனைவி எலுமிச்சை கேக் வெட்டினாள்.

இப்போது அது குளிர்பெட்டிக் கதவில்
பல் மருத்துவரின் தேதிச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
அம்மா வைத்தாள், தப்பாக ஒன்றும் நினைக்காமல்.
நல்ல காந்தம், வலுவானது.

ஐடஹோவில் பிப்ரவரி.
பராகுவேயின் செம்மண் இன்னும் ஷூவின் தையலுக்குள்;
முதல் வாரம் பனியில் என் தடம்
லேசாகச் சிவந்திருந்தது.

அங்கே கூட ஒருத்தி இல்லாமல்
கழிவறைக்குத்தவிர வேறெங்கும் போனதில்லை.
எர்மானா ஒவேலார். குறட்டை விடுவாள்,
பாத்திரம் கழுவமாட்டாள்,
நான் அழுதால் மட்டும் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.
அவளை நேசித்தேன் என்றெல்லாம் சொல்லமுடியாது.
ஆனால் வால்மார்ட்டில், சோப்புத்தூள் வரிசை நடுவே,
அவள் எங்கே என்று திரும்பியவளுக்கு
நெஞ்சு ஒருமுறை நின்று போனது.

எல்லாரும் கேட்கிறார்கள், எப்படி இருந்தது என்று.
கேட்டபடியே கார் சாவியைத் தேடுகிறார்கள்.
"நல்லா இருந்தது."
மூன்று பேருக்கு ஞானஸ்நானம்.
இருவர் ஈஸ்டருக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.
மூன்றாமவள் கிரிஸ்பினா.
அவள் வாசலில் வேதம் விரித்ததைவிட
மரவள்ளி உரித்ததுதான் அதிகம்.
ஞாயிறு மேடையில் இதைச் சொல்லவில்லை.
மேடைக்கென்று வேறொரு கதை வைத்திருந்தேன்;
அதில் சரியான நேரத்தில் மழை வந்தது.

அவள் பேசும் குவாரனியில் நாம் வேறு, நாங்கள் வேறு.
ஞாந்தே என்றால் நீயும் சேர்த்தி.
ஓரே என்றால் நீ வெளியே.
ஏழு மாதம் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன்,
கடவுள் எங்களை நேசிக்கிறார்,
எங்களை, எங்களை மட்டும்.
கிரிஸ்பினாதான் சிரித்து, கண்ணைத் துடைத்து,
கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்தினாள்.
என் தாய்மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
ஊர் திரும்பிப் பார்த்தால்
வீட்டின் நடுச்சுவரை யாரோ இடித்துவிட்ட மாதிரி இருக்கிறது.

உருளைக்கிழங்கு ஆலையில் இரவு வேலை.
பட்டை ஓடும், அழுகியதைப் பொறுக்கவேண்டும்.
விடிவதற்குள் நாற்பது டன் என்று கத்துகிறார் விர்ஜில்.
யார் என்று கேட்கத் தோன்றியது, நாமா, நாங்களா?
கேட்கவில்லை. காதில் அடைப்பான்.

காலை ஆறரைக்கு உடம்பு தானாக மண்டியிடுகிறது.
வார்த்தை தாமதமாகத்தான் வருகிறது.
சில நாள் அது வருவதற்குள்
மெத்தையில் நெற்றி வைத்தபடி தூங்கிவிடுகிறேன்.

மே மாதத்துப் பகல். வீட்டில் நான் மட்டும்.
மூன்று தட்டல், ஓர் இடைவெளி, இன்னொன்று.
திறக்குமுன்பே தெரிந்துவிட்டது:
தட்டியதும் ஓரடி பின்னால் போய்,
உடம்பைச் சற்றுத் திருப்பி,
யாரையும் பயமுறுத்தாத சிரிப்பை மாட்டிக்கொண்டு
ஒருவன் நிற்பான்.

நின்றான். கோல்பி. எறும்பு மருந்து விற்கிறான்.
"எங்க வீட்ல எறும்பே இல்ல" என்றேன்.
தலையாட்டினான். போகத் திரும்பும்போது
அவன் கை சட்டையின் இடப்பக்கம் போய்
ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டு இறங்கியது.

"எங்கே?" என்றேன்.
"தைவான்."
"எப்போ வந்தே?"
"நவம்பர்."
எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.
தண்ணீர் கொடுத்தேன். இரண்டு தம்ளர் குடித்தான்.
குளிர்பெட்டிக் கதவைப் பார்த்து
"எங்கம்மா என்னுதுல பீட்சா கூப்பன் மாட்டிருக்காங்க" என்றான்.
வெகுநேரம் சிரித்தோம், கொஞ்சம் அசிங்கமாகவே.

பிறகு சொன்னேன்,
எறும்பு இருக்கு, கோல்பி, பாத்திரத் தொட்டிக்கு அடியில.
இருவரும் மண்டியிட்டோம், அவன் டார்ச்சைப் பிடிக்க.
வரிசை நீளமாகத்தான் இருந்தது.