கொடுபட வேண்டியது

காரைக்குடி, செக்காலை ரோட்டு வங்கியில்
என் டோக்கன் நாற்பத்தேழு.
நாற்பத்தொன்று நடக்கும்போதே
கடன் பிரிவில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.
"மேடம்!"
வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.
ஒரு நிமிடம்
பதின்மூன்று வருட நிலுவை எல்லாம்
மொத்தமாய் வந்து விழுந்தது போலிருந்தது.

அடைக்கம்மை.
பி.காம். இரண்டாம் ஆண்டில்
ஐந்தொகை ஒருநாளும் சமமாகாமல்
வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு
ஜன்னலில் பேருந்து பார்த்துக்கொண்டிருந்தவள்.
இப்போது மேசையில் அவள் பெயர்,
பித்தளையில், திருகு போட்டு இறுக்கி.

என் பெயர்
துறைக் கால அட்டவணையில் பென்சிலில் இருக்கிறது.
ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி எழுதுவார்
துறைத் தலைவர் பூமிநாதன்.
நல்ல மனிதர்.
அவரும் நானும் அதே புத்தகத்திலிருந்து
அதே தேய்மானம்தான் நடத்துகிறோம்.
அவர் தேய்ந்தால் ஓய்வூதியம்.
நான் தேய்ந்தால் இன்னொருத்தி.
அவசரத்துக்கு ஐயாயிரம் கைமாற்று கொடுப்பார்,
திருப்பிக் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டர் கடன் என்றேன்.
இங்கே முடித்துவிட்டுப்
புதுவயல் தனியார் கல்லூரி மாலை வகுப்புக்குப்
பேருந்தில் போனால்
முதல் பதினைந்து நிமிடம் போய்விடுகிறது.
அங்கே மணிக்கணக்கில்தான் கூலி.
கூலி என்று சொல்லவில்லை, மதிப்பூதியம் என்றேன்.
எங்கள் தொழிலில் எல்லாச் சொல்லுக்கும்
இஸ்திரி போட்டிருக்கும்.
தொகுப்பூதியம்.
கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் புலனாகாத சொத்து, அடைக்கம்மை,
ஐந்தொகையில் காட்டலாம்,
அரிசிக் கடையில் காட்ட முடியாது.
இதையும் சொல்லவில்லை.

படிவத்தில்
கல்வித் தகுதிக்கு விட்ட இடம் போதவில்லை.
எம்.காம்., எம்.ஃபில்., பிஎச்.டி., நெட்
ஓரத்தில் ஏறி வளைந்தது.
பணியின் தன்மைக்கு இரண்டே கட்டம்:
நிரந்தரம், மற்றவை.
பேனா அங்கே நின்றது.
நான் எதை நிரப்புகிறேன் என்று பார்க்காமலிருக்க
அவள் குனிந்து இழுப்பறையில் எதையோ தேடினாள்.

"பன்னிரண்டு மாசச் சம்பளப் பட்டியல் வேணும் மேடம்.
பதினொண்ணுதான் இருக்கு. மே?"

மே மாதம் இந்த ஊரில் என்ன நடக்கும்
என்று அவளுக்குத் தெரியாதா.
கொப்புடையம்மன் திருவிழாவுக்குப் பந்தல் போடுவார்கள்.
கல்யாண மண்டபம் ஒன்றும் கிடைக்காது.
நான் கல்லுக்கட்டிப் பலகாரக் கடையில்
ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவேன்.
முதலாளி மரியாதையாய் டாக்டர் என்று கூப்பிட,
சீப்புச் சீடை வாங்க வந்தவர் ஒருவர்
முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

குரலைத் தாழ்த்தினாள்:
"அது கொடுபட வேண்டிய சம்பளம்தானே மேடம்?
சரிக்கட்டுப் பதிவு மாதிரி ஏதாவது..."

இல்லை என்றேன்.
கொடுக்கவேண்டும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால்தான்
அது கொடுபட வேண்டியது.
ஒப்புக்கொள்ளாததற்குப் பதிவு கிடையாது.
என் குரல் வகுப்புக் குரலாகிவிட்டது
எனக்கே கேட்டது.
நாற்பத்திரண்டாம் டோக்கன்காரர்
கவனித்துக்கொண்டிருந்தார்.

கால்குலேட்டரைத் தட்டினாள்.
இரண்டு முறை. ஒரே விடை.
வராத வரவை எழுதாதே என்று
கரும்பலகையில் அடிக்கோடு போட்டவள் நான்.
"சாரி மேடம்."
காது மடல்வரை சிவந்திருந்தாள்.
கணக்கில் ஒரு பிழை இல்லை.
முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

வாசல்வரை கூட வந்தாள்.
வெயில், தார், ஆட்டோ.
"நான் இந்த வேலையை விட்டுட்டு
பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன் மேடம்.
உங்கள மாதிரி வகுப்பெடுக்கணும்னு."

வேண்டாம் என்பதற்கு
என் பையிலேயே ஆதாரம் இருந்தது,
பதினொரு தாளும் ஒரு படிவமும்.
எதிரே புதுவயல் பேருந்து வந்து நின்றது.
ஓடினால் பிடித்துவிடலாம்.

"எந்தத் தலைப்பில்?" என்று கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.
பேருந்து போனது.