ஈ உட்கார வேண்டிய இடம்

அரண்மனைக்காரன் தெருவில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவே
ஒரு நாற்காலி அகலம் என் ஆபீஸ்.
அஃபிடவிட், வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
பிழைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

எதிர்க்கடைப் பலகையில், ஸ்டேஷனரியில்,
'ஈ' உட்கார வேண்டிய இடத்தில்
'ஏ' உட்கார்ந்திருக்கிறது.
அப்படி எழுதினால் நகராமல் நிற்பது என்று அர்த்தம்.
சொல்லிப் பார்த்தேன்.
"முப்பது வருசமா நகராமதானே பாய் நிக்கிறேன்"
என்றார் ஹபிபுல்லா.

லூஸில் ஒரு 'ஓ' இருந்தால் தோற்பது,
இரண்டு இருந்தால் கழன்றது.
கேஸ் நடத்த வருகிறவர்களுக்கு
ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக
எட்டு வருடம் ஆகிறது.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

போன செவ்வாய்க்கிழமை
காசிமேட்டு சகாயராணி திரும்பி வந்தாள்.
வாரிசுச் சான்றிதழ் மனு.
நான்காம் வரியில் ஒரு சொல்லைச்
சிவப்பு மையில் சுழித்துத்
திருப்பியிருந்தார்கள் தாலுகா ஆபீசில்.

டிசீஸ்டு என்று அடித்திருந்தேன்.
டிசீஸ்டு என்று அடித்திருக்க வேண்டும்.
தமிழில் எழுதினால் பாருங்கள், ஒரே ஆள்.
அங்கே ஈ, சி இருந்தால் இறந்தவர்.
ஐ, எஸ் இருந்தால் நோயாளி.

"அப்டின்னா இதுல இன்னா போட்டுக்குது?"
"உங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லன்னு."
"செத்துட்டாருன்னு இல்ல?"
"இல்லம்மா."

இங்கிலீஷ் தெரியாத விரலை
அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் வைத்தாள்.
ஸ்டான்லியில் பதினோரு நாள் கிடந்தாராம்.
அந்தப் பதினொன்றில் ஏதோ ஒரு நாளில்,
டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருக்க,
என் நான்காம் வரியில்
இன்னும் படுத்திருந்தார் மிக்கேல்.

திருத்தினேன்.
இரண்டு தட்டு. ஈ. சி.
கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை.

அவள் முதலில் தமிழில் எழுதித் தந்த துண்டுச்சீட்டு
கீபோர்டு அடியில் கிடந்தது:
'என் கனவர் மிக்கேல், வயது 44.'
இரண்டு சுழி 'ன'.
அதை யாரும் சிவப்பில் சுழிக்கவில்லை.
நான் மட்டும் எதற்கு.

புதுத் தாளை ஃபைலில் செருகினாள்.
பழையதைக் கசக்கப் போனேன்.
"அது இருக்கட்டும் சார்."
"அது செல்லாதும்மா."
"தெரியும்."
நான்காய் மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் பிழைதானே, காசு வேண்டாம் என்றேன்.
மேஜையில் ஐம்பது ரூபாய்த் தாளை வைத்துவிட்டு
பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

பத்து ரூபாய் பாக்கி
இன்னும் என்னிடம் இருக்கிறது.