மேசையில் ஒட்டிய பொட்டு

சர்ச்சின் பின்கூடம். வேல்ஸ் மழை.
பதினேழு நாற்காலி, ஒரே ஹீட்டர்,
அதன் பக்கத்து இடத்துக்கு மட்டும் போட்டி.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

மேசை நிறைய வரைபடம் விரித்தார்கள்.
"கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான
உள்ளூர் ஆதரவுத் திட்டம், வரும் ஐந்தாண்டு"
ஹெவீனா மூச்சு விடாமல் வாசித்தாள்.
வாசித்துவிட்டுத் தானே சிரித்து,
"உங்களுக்கு எங்கே என்ன வேணும்?
அங்கே ஒரு பொட்டு ஒட்டுங்க" என்றாள்.

பச்சைப் பொட்டுகள், தாள் தாளாக.

டெக்வின் நீச்சல் குளத்தில் மூன்று ஒட்டினான்.
ஒன்று போதும் என்றார்கள்.
"மூணு நாள் போகணும்" என்றான்.
குறித்துக்கொண்டேன்: வாரம் மூன்று.
நெஸ்டா தன் வீட்டு வாசலிலேயே ஒட்டி
"தட்டிட்டு வரணும்" என்றாள்.
சாவி வைத்திருக்கும் பராமரிப்பாளர்கள் இருவர்
தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

எம்ரிஸுக்கு ஐம்பத்தொரு வயது.
வரைபடத்தின் மேல் விரலை ஊர விட்டான்:
ரொட்டிக்கடை,
பஸ் நிறுத்தம்,
பாலம்.
ஆற்றோடு தாள் முடிந்துவிட்டது.
விரல் நிற்கவில்லை.
ஒரு சாண் தள்ளி, வெறும் மரத்தில்
ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினான்.

"அது நம்ம மாவட்டம் இல்லையே, எம்ரிஸ்."
"மெரெரிட் அங்கதான் இருக்கா."

அக்கரையில் வேறு கவுன்சில், வேறு படிவம்.
துணைக்கு வருபவரின் சம்பளம்
பாலத்தின் நடுவில் நின்றுவிடும்.
ஐந்தரைக்குக் கடைசி பஸ்.
இதையெல்லாம் யாரோ மெதுவாக,
மிக மெதுவாக, அவனுக்கு விளக்கினார்கள்.
அவன் பஸ் நேரத்தைத் திருத்தினான்: ஐந்து இருபது.

"கடைசியா எப்போ பார்த்தே அவளை?"
"மார்ச்சில. பல் டாக்டர்கிட்ட.
அவளுக்கு வாய் மரத்துப்போயிருந்தது.
நான்தான் பேசினேன்."

இக்கரையிலிருந்து பார்த்தால்
அக்கரை பச்சைதான்,
சுண்டுவிரல் நகமளவு பச்சை.
ஹெவீனா அதைச் சுரண்டி எடுக்கப் போனாள்.
அவன் உள்ளங்கையை மேலே வைத்துக்கொண்டான்.

என் தாளில் மூன்று கட்டங்கள்.
இடம்: மேசை.
தேவை: மெரெரிட்.
பொறுப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
ஹெவீனா வாங்கி ஏதோ எழுதினாள், அடித்தாள்,
பிறகு தன் செல் நம்பரை மட்டும் எழுதினாள்.

ஏழு மணிக்குப் பாட்டுக்குழு வந்துவிடும்.
வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் போட்டோம்,
நாற்காலிகளை அடுக்கினோம்.
மேசையை மடிக்க விடாமல்
எம்ரிஸ் மட்டும் இன்னும்
எழுந்திருக்கவில்லை.