வேலிடிட்டி

நொய்டா, செக்டர் அறுபத்து மூன்று, ஐந்தாவது மாடி.
பதிவான பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்து
ஹிந்தி என்றால் இடது விசை
ஆங்கிலம் என்றால் வலது விசை.
இதற்குத்தான் சம்பளம்.
'மற்றவை' என்றும் ஒரு விசை உண்டு.
நூற்றுக்கு இரண்டு முறைக்கு மேல் தொட்டால்
லோகேஷ் பதௌரியா எழுந்து வருவார்.

முதல் வாரம் சுலபம்.
பானி இடது. பில் வலது.
அப்புறம் ஒரு குமாஸ்தாவின் குரல், கரகரப்புக்கு நடுவே:
"சாரீ ஃபைலேன் கோ கயீன்."
சாரீயை மன்னிப்பென்று எண்ணி வலதில் தட்டினேன்.
அது 'எல்லாம்' என்கிற சாரீ.
எல்லா ஃபைலும் தொலைந்துபோனதைச் சொல்கிறான்,
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
ஃபைலேன்: தலை ஆங்கிலம், வால் ஹிந்தி.
கத்தியை எங்கே வைப்பது?

ஃபோனை ஆணாக்கினோம், பஸ்ஸைப் பெண்ணாக்கினோம்.
யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை.

நேற்று வந்த அழைப்பு புக்ராயானிலிருந்து.
தயாசங்கர் கட்டியார். மனைவி பெயரில் உள்ள எண்.
எக்ஸ்பயர், என்று தொடங்கி நிறுத்தினார்.
ஏஜென்ட் பிராச்சி முந்திக்கொண்டாள்:
"ப்ளான் எக்ஸ்பயர் ஹோ கயா, சார்? ரீசார்ஜ் கர் தூன்?"
"ப்ளான் நஹீன், மேடம். வைஃப். எக்ஸ்பயர் ஹோ கயீ."

கயா. கயீ.
மாறியது ஓர் உயிரெழுத்து.

பிறகு பதினொரு விநாடி.
மௌனத்துக்கு விசை கிடையாது, மென்பொருளே தாண்டிவிடும்.
நான் பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
அவர் பக்கத்தில் குக்கர் ஒன்று விசிலடித்தது.
"சாரி" என்றாள் பிராச்சி.
கொஞ்சம் பொறுத்து, "ஜி" என்று சேர்த்தாள்.

அவர் ஆறுதலுக்காக அழைக்கவில்லை.
கேஸ் சிலிண்டர் அவள் எண்ணில் இருக்கிறது.
ஓடிபி அங்கேதான் வரும்.
நம்பர் நின்றுவிடக் கூடாது, பஸ்.
(இது போதும் என்கிற பஸ். இடது.)

'மர் கயீ' என்றிருக்கலாம். எருமைக்கும் அதுதான்.
'தேஹாந்த்' செய்தித்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் வருவது.
வாயில் வைத்துக்கொள்ளும் சூட்டில் அவருக்குக் கிடைத்தது
மாத்திரை அட்டையின் பின்புறச் சொல்.
எத்தனை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரோ.
இடதை அழுத்தினேன்.

நாலரைக்குச் சிவப்புக் குறியோடு திரும்பி வந்தது.
லோகேஷ் என் நாற்காலியில் கை ஊன்றி,
"யார், டிக்‌ஷனரி தேக் லோ. சிம்பிள் ஸா கேஸ் ஹை" என்றார்.
வலது மூன்று, மிச்சம் இடது.
அவரை யாரும் பதிவு செய்வதில்லை.

மாற்றிவிட்டேன்.
ஸ்கூட்டிக்கு இன்னும் ஏழு இஎம்ஐ பாக்கி.

ஷேர் ஆட்டோவில் அம்மாவுக்கு ஃபோன்:
"லேட் ஹோகா, டென்ஷன் மத் லேனா."
முழங்கால் மேல் விரல்கள் தாமாகவே
வலது, இடது, வலது, இடது, இடது.
கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டேன்.

பதிவின் கடைசியில் பிராச்சி
எண்பத்து நான்கு நாள் வேலிடிட்டி போட்டுக் கொடுத்தாள்.
"டன், சார்?"
"டன்" என்றார் அவர்,
வைக்கத் தெரியாதவர்போல
ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு.