நெஞ்சு நிலத்தில் முட்டாமல்

தின்னவேலிச் சந்தைக்குப் பின்னால்
ரைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
பதினேழு படி. எண்ணி ஏறினேன்,
எண்ணுகிற சாட்டில் நிற்கலாமே.

வாசலில் சப்பாத்துகள், நாக்கு நீட்டியபடி.
நடுவில் என் கந்தோர்ச் செருப்பு,
குதி தேய்ந்தது.
படிவத்தில் வருத்தங்கள் என்றொரு கோடு.
சீனி என்று எழுதினேன். பிரஷர் என்று எழுதினேன்.
இடம் காணவில்லை. மிச்சத்தை விட்டேன்.

யதுர்சிகா என்று பேர். இருபத்திரண்டு வயது,
கழுத்தில் விசில்.
"முதல் நாள்தானே அன்ரி, ஏலுமானதைச் செய்யுங்கோ.
ஏலாட்டி நிண்ட இடத்தில நடவுங்கோ."
நின்ற இடத்தில் நடப்பது எப்படி என்று
நான் கேட்கவில்லை.

சுவர் முழுக்கக் கண்ணாடி.
அதில் என்னைக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது.
எல்லோரும் வலது பக்கம் போக
இடது பக்கம் போகிற ஒருத்தி,
மகன் போடாமல் விட்ட பிக்மட்ச் ரீசேர்ட்டில்.
எட்டு வரைக்கும் எண்ணுகிறாள்,
பிறகு திரும்ப ஒன்று.
நான் ஐந்தில் நிற்கையில்
அவர்கள் அடுத்த எட்டுக்குப் போய்விட்டார்கள்.
கச்சேரியில், காணிப் பிரிவில்,
இருபத்தொரு வருஷமாய்
ஆற்றையோ எல்லைக்கோடுகளைச் சரிபார்க்கிறவள் நான்.
என் கைக்கும் காலுக்கும் இவ்வளவு வழக்கு இருப்பதை
எந்தக் கோப்பிலும் காணவில்லை.

"கதிரையில இருக்கிற மாதிரிப் பதியுங்கோ,
ஆனா கதிரை இல்லை!"
"கதிரை இல்லாம இருக்கிறது
எங்களுக்கென்ன புதுசே," என்று
பக்கத்தில் முணுமுணுத்தா கொன்சலிற்றா அக்கா.
குருநகர். மூன்றாம் கிழமையாய் வருகிறாவாம்.
முழங்கால் இரண்டும் நெறுநெறுத்தன,
அவவுடையதா என்னுடையதா தெரியவில்லை.

பிறகு விசில்.
"எல்லாரும் கீழ! குப்புற!"

விசில் ஓயமுதல் நாங்கள் நிலத்தில்.
நான், கொன்சலிற்றா அக்கா,
அதுவரை மூலையில் வெட்கப்பட்டு நின்ற
பாங்க் மனேச்சர் பிரேமகாந்தி,
நாற்பது தாண்டிய அத்தனை பேரும்
ஒரே தட்டில்.
முழங்கை ஊன்றி, தலை தாழ்த்தி,
நெஞ்சு நிலத்தில் முட்டாமல்,
வாய் கொஞ்சம் திறந்து.
இளசுகள் இன்னும் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்ரி! எங்க பழகினீங்கள்? என்ன வடிவான பிளாங்க்!"

ஏழாம் வகுப்பில், பிள்ளை.
வலைப்பந்துத் திடலில், வெயிலில்,
வரிசையாய்க் கிடத்திப் பழக்கினார்கள்.
சகடை வந்தால் நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது,
அதிர்ச்சி உள்ளே போகும்.
வாய் திறந்திருக்கவேணும்,
இல்லாவிட்டால் காது போய்விடும்.
எங்கள் வகுப்பில் நான்தான் கெதி.

இதை நான் சொல்லவில்லை.
நாற்பத்தைந்து செக்கன் ஓடிக்கொண்டிருந்தது.

கொன்சலிற்றா அக்காவின் தோள் குலுங்கியது.
அழுகிறாவோ என்று பயந்தேன்.
சிரிப்பு.
அது எனக்கும் தொற்றி, அடிவயிறு துடித்து,
மூக்கு நுனியில் தொங்கிய வியர்வை
ரைல்ஸில் சொட்டியது.
"பிடியுங்கோ, பிடியுங்கோ, விடாதேங்கோ!"
மேலே ஒரு சத்தம். காது கொடுத்தேன்.
மின்விசிறி.
மின்விசிறி மட்டும்தான்.

முப்பத்தெட்டில் விழுந்தேன்.
நெஞ்சு முழுக்க நிலத்தில்.
என்ன குளிர்மை!
எழும்பச் சொல்லும்வரை அப்படியே கிடந்தேன்,
பாட்டின் அடி
விலாவுக்குள் வந்து வந்து போக.

இறங்கும்போது பதினேழு படியும்
பக்கவாட்டில், நண்டு மாதிரி.
"வியாழன் வருவீரோ?"
"கால் வந்தா நானும் வருவன், அக்கா."
ஸ்கூட்டியில் ஏறியிருந்து
திறப்பைப் போடாமல் கொஞ்ச நேரம்.

மறுநாள் கந்தோரில்
றப்பர் முத்திரை உருண்டு மேசைக்கடியில் போனது.
குனியவில்லை.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்,
நானும் முத்திரையும்,
யாராவது வருவார்கள் என்று.