ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

மே மாதக் கடைசியில் மலைச்சாலை திறந்ததும்
துருவேறிய பூட்டுக்கு எண்ணெய் விட்டுக் கதவைத் தள்ளி
முகாமுக்குள் நடந்தேன்,
எண் போட்ட கம்பங்களைத் தொட்டுத் தொட்டு.
நான்கு. ஐந்து. ஆறு.
ஆறுக்கு அடுத்து ஆறுதான் இருந்தது,
பனி உருகிய தண்ணீர், பழுப்பும் நுரையுமாய்.
அதற்கப்புறம் எட்டு.

ஏழில் இருந்தவை:
சங்கிலி போட்ட பலகை மேசை ஒன்று,
நெருப்பு மூட்ட இரும்பு வளையம் ஒன்று,
கூடாரத்துக்குச் சமன்செய்த மண், பன்னிரண்டு அடிக்குப் பதினாறு,
சாய்ந்த செடார் மரம், அதில் துணி காய யாரோ அடித்த ஆணி.
எல்லாவற்றையும் நஷ்டப் படிவத்தில் எழுதினேன்.
ஆணியை விட்டுவிட்டேன், அது கணக்கில் கிடையாது.
காரணம் என்ற கட்டத்தில்
தீ, களவு, விஷமம், தேய்மானம் என்று நான்குதான் அச்சடித்திருந்தது.
தேய்மானத்தில் குறியிட்டேன்.
பொய் என்றும் சொல்ல முடியாது.

என் வேலை பெரிதாக ஒன்றுமில்லை.
இடாஹோவில் அரசாங்கக் காட்டின் மடிப்பில்
பதினான்கு இடம், இரண்டு கழிப்பறை, ஒரு கைப்பம்பு.
காகிதச் சுருள் மாற்றுவேன். சாம்பல் அள்ளுவேன்.
கரடிக்குத் திறக்க வராத
(பாதி மனிதர்களுக்கும் வராத)
குப்பைத்தொட்டித் தாழ்ப்பாளைத் தினம் ஒருவருக்கு விளக்குவேன்.
இரும்புக் குழாய்க்குள் விழுந்த கட்டண உறைகளை
மாலையில் பிரித்து எண்ணுவேன்.
ஒன்றில் பணமில்லை,
இறகு கட்டிய தூண்டில்முள்ளும்
அடுத்த வாரம் தருகிறேன் என்ற சீட்டும்.
அடுத்த வாரம் தந்தார்கள்.

செப்டம்பர் முதல் செவ்வாய்
ஹாக்லண்ட் சகோதரர்கள் வந்தார்கள், இரண்டு வண்டியில்.
பதினொரு வருடமாக ஏழுதான் அவர்களுக்கு.
அப்பாவின் மரமில்லை விற்ற நாளிலிருந்து
பேச்சு வார்த்தை இல்லை.
ஆனாலும் ஒரே மேசை, ஒரே தீ,
இரண்டு காபிப் பாத்திரம்.
ராய்ஸ் மேல்வளைவில் தூண்டில் போடுவார்,
வெண்டெல் கீழ்வளைவில்.
உப்பு வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு
அவனிடம் உப்பைக் கேளுங்கள் என்பார்.
அவர் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு வண்டியும் தண்ணீருக்கு முன்னால் நின்றன.
எஞ்சின் அடங்கியும் வெகுநேரம் இறங்கவில்லை.
அட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.
"ஏழு போய்விட்டது. மூன்று காலி, பதினான்கு காலி.
ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்."
எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று
எனக்கே ஒரு திருப்தி.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார்.
வெண்டெல் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து
எறியாமல் வைத்திருந்தார்.
பிறகு ராய்ஸ், ஆற்றைப் பார்த்தபடி, என்னிடம் அல்ல:
"மூணுல மத்தியான வெயில் நேரா அடிக்கும்."
கொஞ்சம் பொறுத்து வெண்டெல்:
"பதினாலு கக்கூஸ் பக்கம்."
"காத்து இந்தப் பக்கம் வராது."
"ராத்திரி வரும்."

இவ்வளவுதான் மொத்தமும்.
பதினொரு வருட மௌன விரதம்
கழிப்பறை நாற்றத்தில் முறிந்ததற்கு
நான் ஒருத்திதான் சாட்சி.

பதினான்கிலேயே இருவரும் கூடாரம் அடித்தார்கள்.
சமாதானம் என்று சொல்ல மாட்டேன்.
மறுநாள் உப்புக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் நாள் கூப்பிடவில்லை,
உப்பில்லாமல் சாப்பிட்டார்களோ என்னவோ.

அவர்கள் போனபின் தண்ணீர் இன்னும் இறங்கியது.
அரை மைல் கீழே கூழாங்கல் திட்டில்
ஏழின் மேசை கிடந்தது, நான்கு காலும் வானத்தில்,
சங்கிலி நுனியில் காங்கிரீட் கட்டி ஒன்றைப் பிடித்தபடி.
புரட்டிப் போட எனக்குத் தெம்பில்லை.
அடிப்பலகையில் உட்கார்ந்து
கொண்டுபோன ரொட்டியைத் தின்றேன்.
சாம்பல் நிறக் குட்டிப் பறவை ஒன்று
நனைந்த கல்லில் தோப்புக்கரணம் போட்டுவிட்டு
நேரே தண்ணீருக்குள் நடந்து போனது.

ஆபீசுக்கு எழுத வேண்டும்:
மேசை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.
எட்டை ஏழாக்கி வரிசையைச் சரிசெய்ய உத்தரவு வந்திருக்கிறது.
பெயிண்ட் வந்துவிட்டது, இரண்டு டப்பா.
பிரஷ் இன்னும் வரவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.